செம்பனைச் சாம்பலும் கரிம மின்முனையும்: பொட்டாசியம் பேட்டரிக்கு ஜொகூரில் ஒரு வாய்ப்பு

ஜொகூர் பாரு நகரை அடுத்துள்ள ஸ்கூடாய், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப் பகுதியாக இருந்து, 1985ஆம் ஆண்டில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அங்கு அமைந்த பின்னர், தென் மலேசியாவின் முக்கியக் கல்வி நகரமாக வளர்ந்தது. அங்கிருந்த ரினி தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியிலும் முத்தியாரா ரினி என்ற குடியிருப்பிலும் நிலைத்திருக்கிறது. ஸ்கூடாயிலிருந்து வடக்கே கூலாய், செடெனாக் பகுதிகளில், செம்பனைத் தோப்புகளுக்கு நடுவே தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. உலகின் தகவல்களைச் சேமித்துக் கையாளும் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்கும் இக்கட்டடங்களில் மின்சாரம் ஒரு நொடிகூடத் தடைப்படக் கூடாது என்பதால், ஒவ்வொன்றிலும் பெரும் மின்கல அடுக்குகள் காத்திருப்பில் வைக்கப்படுகின்றன. பகலில் மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கும் தேவையும் இதனுடன் சேர்ந்துகொள்ள, மின்கலத்திற்கான தேவை இம்மாநிலத்தில் ஆண்டுதோறும் பெருகி வருகிறது.

இத்தேவையை இன்று பெரும்பாலும் நிறைவு செய்வது லித்தியம் அயனி மின்கலம். அதற்கு மாற்றாகவோ துணையாகவோ வரக்கூடியவற்றைத் தேடும் ஆய்வுகளில், பொட்டாசியத்தையும் கரிமச் சேர்மங்களையும் இணைத்துச் செய்யப்படும் மின்கலம் ஒன்று கடந்த பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் உருப்பெற்று வருகிறது. இன்னும் கடைக்கு வராத இந்தத் தொழில்நுட்பத்தின் மூலப்பொருள்கள், செம்பனை நிலமான ஜொகூருக்கு அந்நியமானவை அல்ல என்பதே அது இங்கு கூர்ந்து நோக்கப்பட வேண்டியதற்குக் காரணம்.

லித்தியத்தின் வெற்றியும் அதன் எல்லையும்

மின்னூட்டம் பெற்ற அணுவே அயனி எனப்படும். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தில் நேர்மின்முனை, எதிர்மின்முனை என இரண்டு மின்முனைகள் உண்டு. அவற்றுக்கிடையே மின்பகுளி என்னும் கரைசல் நிரம்பியிருக்கும். மின்னேற்றும்போது அயனிகள் நேர்மின்முனையிலிருந்து வெளியேறி, மின்பகுளியைக் கடந்து எதிர்மின்முனைக்குள் குடியேறுகின்றன. மின்கலத்தைப் பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்புகின்றன. அயனிகள் உள்ளே போய்வரும்போது அவற்றுக்கு ஈடான எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாக ஓடுகின்றன. அந்த ஓட்டமே நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் இம்முறையில் இயங்குவதே. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலோகங்களுள் மிக இலேசானது லித்தியம் என்பதால், கைப்பேசிக்கும் மின்வாகனத்துக்கும் அதற்கு நிகரானது இதுவரை இல்லை. ஆனால் புவி மேலோட்டில் லித்தியத்தின் பங்கு எடையில் சுமார் 0.002 விழுக்காடு மட்டுமே. அதுவும் ஆஸ்திரேலியா, சிலி, சீனா, அர்ஜென்டினா போன்ற சில நாடுகளிலிருந்தே பெருமளவில் கிடைக்கிறது. நேர்மின்முனையில் சேரும் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசிலிருந்து வருகிறது. சிரம்பானிலும் கூலிமிலும் மின்கல ஆலைகள் இயங்கினாலும், அவற்றுக்கான லித்தியத்தை மலேசியா வெளியிலிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு மற்றொரு கவலை. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரின் லோயாங் பகுதியிலிருந்த தரவு மையம் ஒன்றில் லித்தியம் மின்கலங்களில் மூண்ட தீயும், 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் ஏற்பட்டு 600க்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகளை முடக்கிய தீயும், மின்கல அடுக்குகளை ஒரு கட்டடத்துக்குள் குவித்து வைப்பதன் ஆபத்தைக் காட்டின. எடையும் இடமும் முதன்மையாக இல்லாத இத்தகைய நிலைத்த பயன்பாடுகளுக்கு, விலை குறைந்ததும் எளிதில் கிடைக்கக்கூடியதுமான வேறொரு வேதியியல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற இவையும் காரணமாயின.

பொட்டாசியம் ஏன்?

1807ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி, உருகிய எரி பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) மின்சாரம் செலுத்திப் பிரித்தெடுத்த பொட்டாசியம், புவி மேலோட்டில் ஏறத்தாழ 2 விழுக்காடு இருக்கிறது. அதாவது லித்தியத்தைப்போல் ஆயிரம் மடங்கு. ஒரு மின்கலம் எவ்வளவு மின்னழுத்தம் தரும் என்பதை உலோகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் பெரிதும் தீர்மானிக்கிறது. லித்தியத்துக்கு அது எதிர்மம் 3.04 வோல்ட், பொட்டாசியத்துக்கு எதிர்மம் 2.93 வோல்ட், சோடியத்துக்கு எதிர்மம் 2.71 வோல்ட். ஆகவே லித்தியத்துக்கு மிக நெருங்கி நிற்பது சோடியமன்று, பொட்டாசியமே.

பொட்டாசியம் அயனி உருவில் பெரியது; லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம் என்றால் பொட்டாசியத்தினுடையது 1.38 ஆங்ஸ்ட்ராம். ஆயினும் கரைசலில் அது விரைந்து செல்கிறது. சிறிய அயனியைச் சுற்றிக் கரைப்பான் மூலக்கூறுகள் இறுகப் பற்றிக்கொள்வதால் அது பெரும் சுமையோடு நகர வேண்டியிருக்க, பெரிய அயனியின் பிடி தளர்வாக இருப்பதால் அதன் சுமை குறைவாகவும் ஓட்டம் எளிதாகவும் அமைகிறது. மேலும், பொட்டாசியம் அலுமினியத்துடன் உலோகக் கலவையாகச் சேர்வதில்லை என்பதால், லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்முனைப் பக்கம் தேவைப்படும் விலைமிக்க செப்புத் தகட்டுக்குப் பதிலாக இரு பக்கமும் மலிவான அலுமினியத் தகட்டையே பயன்படுத்தலாம்.

2004இல் ஈரானிய ஆய்வாளர் அலி எஃப்தேகாரி, பிரஷ்ய நீலம் என்னும் சாயப்பொருளை நேர்மின்முனையாகக் கொண்டு பொட்டாசிய மின்கலம் ஒன்றை முன்வைத்தார். 2015இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவும் தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகக் குழுவும், லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்முனையாகப் பயன்படுவதும் சோடியத்தை ஏற்க மறுப்பதுமான கிராபைட், பொட்டாசியத்தை ஏற்கிறது என்று தனித்தனியே மெய்ப்பித்த பிறகே இத்துறை வேகம் பிடித்தது. கோட்பாட்டளவில் ஒரு கிராம் கிராபைட் 279 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குப் பொட்டாசிய மின்னூட்டத்தைச் சேமிக்கும். லித்தியமானால் அது 372. ஆனால் பெரிய அயனி நுழையும்போது கிராபைட்டின் கனஅளவு ஏறத்தாழ 60 விழுக்காடு வீங்குகிறது. மின்னேற்றமும் இறக்கமும் தொடரத் தொடர அந்த வீக்கமும் சுருக்கமும் மின்முனையைச் சிதைக்கின்றன. நேர்மின்முனையாகும் உலோக ஆக்சைடுகளின் இறுகிய படிகக் கட்டமைப்பும் இப்பெரிய அயனிக்கு இடந்தரத் திணறுகிறது. இவ்விடத்தில்தான் கரிம மின்முனை உள்ளே வருகிறது.

கரிம மின்முனை இயங்கும் விதம்

கரிமச் சேர்மம் என்பது கரி அணுக்களின் சங்கிலியையோ வளையத்தையோ சட்டகமாகக் கொண்டு, ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் முதலியவை இணைந்து உருவானது. உலோக ஆக்சைடின் அணுக்கள் வலிய பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்க, கரிமத் திண்மத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மென்மையான ஈர்ப்பால் மட்டுமே பற்றியிருக்கின்றன. பொட்டாசியம் போன்ற பெரிய அயனி இவ்விரண்டினுள் நுழைவதற்கு, கருங்கல் சுவரில் துளையிடுவதற்கும் வைக்கோற்போரில் கை நுழைப்பதற்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இம்மூலக்கூறுகளில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் இடம் கார்பனைல் தொகுதி, அதாவது கரி அணுவும் ஆக்சிஜன் அணுவும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த பகுதி. ஓர் எலக்ட்ரான் வந்து சேர்ந்ததும் இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகத் தளர்ந்து, ஆக்சிஜன் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அருகில் வரும் பொட்டாசியம் அயனி அந்த ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கிறது. மின்கலம் எதிர்த்திசையில் இயங்கும்போது எலக்ட்ரான் வெளியேற, பொட்டாசியம் விடுபட, இரட்டைப் பிணைப்பு மீண்டும் உருவாகிறது. கார்பனைல் தொகுதிகள் அடுத்தடுத்த இரட்டைப் பிணைப்புகளைக் கொண்ட கரி வளையங்களோடு இணைந்திருந்தால், சேர்ந்த எலக்ட்ரான் ஓரிடத்தில் தேங்காமல் வளையம் முழுவதும் பரவி நிலைபெறுகிறது. ஆகவே இவ்வகை வளையச் சேர்மங்களே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

கரிமப் பொருளை மின்முனையாக்கும் எண்ணம் புதிதன்று. 1969இலேயே, மீண்டும் மின்னேற்ற முடியாத லித்தியம் முதன்மை மின்கலத்தில் டைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் நேர்மின்முனையாகச் சோதிக்கப்பட்டது. 1977இல் மின்கடத்தும் பலபடிகள் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொருள்கள்) கண்டறியப்பட்டு, அதற்காக ஹீகர், மக்டியார்மிட், ஷிரகாவா ஆகியோர் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். 2009இல் பிரான்சின் அர்மான், தராஸ்கோன் ஆகியோரின் குழு, லித்தியம் டெரப்தாலேட் எதிர்மின்முனையாக இயங்குவதைக் காட்டியது. பொட்டாசியத்தில் 2015இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு, பெரிலீன் டெட்ராகார்பாக்சிலிக் டையன்ஹைட்ரைடு என்னும் செந்நிறமியை நேர்மின்முனையாக்கி, கிராமுக்குச் சுமார் 130 மில்லி ஆம்பியர் மணி பெற்றது; வண்ணப்பூச்சுத் தொழிலில் பயன்படும் நிறமி அது. மறு ஆண்டில் ஆந்த்ராகுயினோன் வளையங்களைக் கந்தகத்தால் கோத்த பலபடி ஒன்று கிராமுக்கு ஏறத்தாழ 200 வரை எட்டியது. அதே 2016இல் சீனாவின் நான்காய் பல்கலைக்கழகக் குழு, பொட்டாசியம் ரோடிசோனேட் போன்ற கார்பன்–ஆக்சிஜன் உப்புகள் விரைந்து மின்னேறுவதைக் காட்டியது. 2017இல் பொட்டாசியம் டெரப்தாலேட் எதிர்மின்முனையாகச் சோதிக்கப்பட்டது. அதன் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 221 மில்லி ஆம்பியர் மணி. இன்று பரவலாக விற்பனையாகும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் கோட்பாட்டுக் கொள்ளளவு 170 என்பதோடு இவற்றை ஒப்பிடலாம். எனினும் அதன் மின்னழுத்தம் 3.4 வோல்ட் அளவில் இருக்க, கரிம நேர்மின்முனைகள் பலவும் 2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

சாயவேரும் மஞ்சிட்டியும்

தமிழகக் கடற்கரையில் பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றப் பயன்பட்ட சாயவேரில் உள்ள அலிசரின், ஆந்த்ராகுயினோன் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய் மக்கள் மெங்குடு என்று அழைப்பதும் தமிழர் நுணா என்று அழைப்பதுமான மர இனத்தின் வேரிலும் இக்குடும்பச் சேர்மங்கள் உள்ளன. மருதாணி இலையின் செந்நிறத்துக்குக் காரணமான லாசோன் அதன் நெருங்கிய உறவான நாஃப்தோகுயினோன். சாயமாகத் துணியில் பற்றும் இவற்றின் மூலக்கூறுகளில், மின்கலத்துக்குத் தேவையான அதே கார்பனைல் தொகுதிகளும் கரி வளையங்களும் அமைந்திருக்கின்றன. 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் நியூயார்க் நகரக் கல்லூரியும் இணைந்து, மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து கிடைக்கும் பர்புரின் என்னும் சாயத்தை லித்தியம் மின்கலத்தின் மின்முனையாக்கிக் காட்டின. அதற்கு முன் 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், தானியங்களில் உள்ள பைட்டிக் அமிலத்திலிருந்து பெறக்கூடிய இனோசிட்டாலைக் கொண்டு லித்தியம் ரோடிசோனேட்டைத் தயாரித்தனர். பைட்டிக் அமிலம் அரிசித் தவிட்டிலும் நிறைய உண்டு. சுரங்கம் தோண்டாமல் மின்முனை செய்ய முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

கடக்க வேண்டிய தடைகள்

இத்தனை சிறப்பிருந்தும் கரிமப் பொட்டாசிய மின்கலம் கடைக்கு வராததற்கு வலுவான காரணங்கள் உள்ளன. முதலாவது, கரைதல். மென்மையான ஈர்ப்பால் கட்டுண்ட சிறு மூலக்கூறுகள் மின்பகுளியில் கரைந்து எதிர்ப்பக்கம் சென்றுவிடுவதால், சில நூறு மின்னேற்ற, இறக்கச் சுற்றுகளுக்குள்ளேயே மின்கலம் தளர்ந்துவிடுகிறது. மூலக்கூறுகளைப் பலபடியாகக் கோத்தல், டெரப்தாலேட் போல உப்பாக மாற்றிக் கரைதிறனைக் குறைத்தல், மின்பகுளியின் உப்புச் செறிவைக் கூட்டுதல், திரவத்துக்குப் பதிலாகப் பலபடி மின்பகுளியைப் பயன்படுத்துதல் ஆகியவை இதற்குத் தேடப்படும் தீர்வுகள்.

இரண்டாவது, மின்கடத்தாமை. பெரும்பாலான கரிமத் திண்மங்கள் எலக்ட்ரானை எளிதில் கடத்துவதில்லை. ஆய்வகத்தில் அவற்றுடன் 20 முதல் 40 விழுக்காடு வரை கரித்தூள் கலக்கப்படுவதுண்டு. இந்தக் கரித்தூள் எடையைக் கூட்டுமே தவிர மின்னூட்டத்தைப் பெரிதாகச் சேமிக்காது. ஆகவே, ஆய்வேடுகளில் செயல்படு பொருளின் கிராமுக்கு எனக் கூறப்படும் எண்ணைக் கொண்டு முழு மின்கலத்தை மதிப்பிடுவது பிழையாகும்.

மூன்றாவது, பொட்டாசியம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. லித்தியம் மின்கலத்தில் நேர்மின்முனைப் பொருளே லித்தியத்தைத் தாங்கி ஆலையிலிருந்து வருகிறது. பெரிலீன் நிறமியோ வெறுமையாக வருகிறது. ஆய்வகத்தில் இக்குறை மறைந்துவிடுகிறது. அங்கு ஆர்கான் வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள், 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவக் கலத்தினுள், கரிமப் பொருள் பூசிய வட்டத் தகட்டை வைத்து, கண்ணாடி இழைப் பிரிப்பானை அதன்மேல் இட்டு, மின்பகுளியைச் சில துளிகள் விட்டு, மறுபக்கத்தில் மெழுகு போல மென்மையான பொட்டாசிய உலோகத்தைத் தட்டையாக்கி வைத்து மூடுகிறார்கள். இந்த உலோகத் துண்டே குறையாத பொட்டாசியக் களஞ்சியமாகிறது. நீர் பட்டால் தீப்பற்றுவதும் 63 பாகை செல்சியசிலேயே உருகுவதுமான அந்த உலோகத்தை ஒரு தரவு மையத்தினுள் வைக்க முடியாது. எனவே பொட்டாசியத்தை முன்பே ஏற்றிய கரிம மின்முனையை உருவாக்குவதே இத்துறையின் கடினமான பணி.

பாதுகாப்பைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கரிம மின்முனையில் உலோக ஆக்சைடு இல்லாததால், சூடேறும்போது படிகத்திலிருந்து ஆக்சிஜன் வெளிப்பட்டுத் தீயை வளர்க்கும் நிலை இல்லை; இரு பக்கமும் அலுமினியத் தகடு இருப்பதால் முழுவதுமாக மின்னிறக்கி எடுத்துச் செல்லவும் இயலும். ஆயினும் மின்பகுளி எரியக்கூடிய கரைப்பானாக இருக்கும்வரை தீயின் ஆபத்து முற்றாக நீங்காது.

சோடியம் மின்கலங்கள் சீனாவில் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. பொட்டாசியம் அவற்றுக்குப் பின்தங்கியே நிற்கிறது. 2024இல் டெக்சஸ் மாநிலத்தின் குரூப் 1 நிறுவனம் 18650 என்னும் உருளை வடிவில் அறிமுகம் செய்த பொட்டாசிய மின்கலமும், கரிமச் சேர்மத்தையன்றிப் பிரஷ்ய வெள்ளை என்னும் பொருளையே நேர்மின்முனையாகக் கொண்டது. கரிம வழி இன்னும் ஆய்வகத்தின் வழியே.

செம்பனைத் தோட்டம் தரும் பொட்டாசியம்

மலேசியாவில் சுமார் 56 இலட்சம் எக்டேரில் செம்பனை பயிராகிறது. தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்குப் பொட்டாஷ் புதிய சொல்லன்று. செம்பனை மிகுதியாக உறிஞ்சும் சத்து அதுவே. அந்த உரத்தை மலேசியா இறக்குமதி செய்கிறது; கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகியவையே உலகின் பெரிய பொட்டாஷ் ஏற்றுமதி நாடுகள். மரம் உறிஞ்சிய பொட்டாசியத்தில் கணிசமான பகுதி, பழங்கள் உதிர்க்கப்பட்ட பின் ஆலையில் மிஞ்சும் வெறுங்குலையில் தங்கிவிடுகிறது. பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது வெறுங்குலை. ஒரு டன் வெறுங்குலையில் ஏறத்தாழ 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்கு ஈடான பொட்டாசியம் உண்டு என்பது தோட்டத் துறையில் வழங்கும் கணக்கு. வெறுங்குலையை எரித்த சாம்பல் பொட்டாசியம் செறிந்தது என்பதால் முன்பு அதுவே உரமாக இடப்பட்டது. புகை மாசு காரணமாக எரிப்பதைக் கைவிட்டு, வெறுங்குலையை அப்படியே மரத்தடியில் பரப்பும் வழக்கம் பெருகியது.

ஓர் ஆம்பியர் மணி மின்னூட்டத்தைச் சுமக்க 1.46 கிராம் பொட்டாசியம் தேவை, லித்தியமானால் 0.26 கிராம் போதும். 19 கிலோ பொட்டாஷ் உரத்தில் சுமார் பாதி எடை பொட்டாசியம் என்பதால், ஒரு டன் வெறுங்குலையின் பொட்டாசியம் கணக்களவில் ஏறத்தாழ 6,500 ஆம்பியர் மணியைச் சுமக்கும். 2 வோல்ட் மின்கலத்தில் அது 13 கிலோவாட் மணியாகும். இது மேல்வரம்பு மட்டுமே. மின்முனையின் கட்டமைப்புக்கும் மின்பகுளிக்கும் தேவைப்படும் பொட்டாசியமும், பிரித்தெடுப்பதில் ஏற்படும் இழப்பும் அதைப் பெரிதும் குறைக்கும்.

மற்றொரு கழிவும் இங்கு துணைக்கு வருகிறது. குடிநீர்ப் பாட்டில் செய்யும் பெட் நெகிழி, டெரப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் இணைந்த பலபடி. அதை எரி பொட்டாஷ் கரைசலில் சூடாக்கினால் நெகிழி சிதைந்து, கரைசலில் கிடைப்பது பொட்டாசியம் டெரப்தாலேட். அதாவது மேலே கண்ட எதிர்மின்முனைப் பொருளே. எரி பொட்டாஷையோ, சாம்பலிலிருந்து நீரில் வடித்தெடுத்த பொட்டாசியம் கார்பனேட்டுடன் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துப் பெறலாம். இவை அனைத்தும் பாடநூலில் உள்ள எளிய வினைகள். கடினமானது தூய்மைதான்: சாம்பலோடு வரும் குளோரைடு, சிலிக்கா, மக்னீசியம் ஆகியவற்றை மின்கலத்துக்கு ஏற்ற அளவுக்கு மலிவாக நீக்க முடியுமா என்பதைப் பொறுத்தே இந்த வழி பயன்படுமா என்பது தீரும். வெறுங்குலையை மண்ணிலிருந்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் உரம் வாங்கிப் போட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே ஆலைக் கொதிகலன்களில் ஏற்கெனவே எரிக்கப்படும் செம்பனைக் கழிவின் சாம்பலிலிருந்து தொடங்குவதே முறை.

செய்ய வேண்டியவர்கள்

இத்தகைய ஆய்வுக்கு அடித்தளமிடுவதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டின் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட அந்நிறுவனம் இன்று இந்தியாவின் மின்கல ஆய்வில் முன்னணியில் நிற்கிறது. மலாயாவிலும் தொழில் நடத்திய ஒரு தமிழர், உடனடி ஆதாயம் எதிர்பாராமல் ஓர் அடிப்படை அறிவியலுக்குக் கொடுத்ததன் விளைவு அது.

ஸ்கூடாயில் அத்தகைய அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியலும் மின்பொறியியலும் ஒரே வளாகத்தில் உள்ளன; இப்னு சினா ஆய்வு நிறுவனமும் உயர் மின்னழுத்த ஆய்வு நிறுவனமும் அங்கேயே இயங்குகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் அயனியியல் மையம் பலபடி மின்பகுளிகளில் நெடுநாள் அனுபவம் பெற்றது. சாம்பலைத் தரும் ஆலைகளும், மின்கலத்தை வாங்கக்கூடிய தரவு மையங்களும் சில மணி நேரப் பயணத்துக்குள்ளேயே இருக்கின்றன. இவை ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் ஒன்றுசேர வேண்டும். அத்திட்டம் பொட்டாசிய உலோகம் இல்லாத முழு மின்கலத்தையும், ஜொகூரின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்குவதையும் இலக்காகக் கொள்ள வேண்டும்.

கைப்பேசியையோ வாகனத்தையோ இந்த மின்கலம் லித்தியத்திடமிருந்து பறிக்கப் போவதில்லை. ஓரிடத்தில் நிலையாக நின்று, உள்ளூர்ப் பொருளால் ஆகி, ஆயுள் முடிந்ததும் எளிதில் பிரித்தெடுக்கக்கூடிய சேமிப்புக்கே அது பொருந்தும். ஜொகூருக்கு இனி மிகுதியாகத் தேவைப்படுவதும் அதுவே. தோட்டத்தில் பொட்டாஷ் உரம் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஸ்கூடாயின் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப் பள்ளிகளிலும் பயில்கிறார்கள். அவர்களுள் அறிவியலில் நாட்டமுள்ளோரை மருத்துவத்தை மட்டும் நோக்கித் திருப்பாமல், வேதியியலும் பொருளறிவியலும் படிக்கப் பெற்றோரும் ஆசிரியரும் ஊக்குவிக்க வேண்டும். இந்த ஆய்வுக்குக் கழிவும் தேவையும் இங்கேயே இருக்கின்றன. ஆள்களே இன்னும் அதிகமாக வேண்டும்.